இருநூற்றுப் பதினான்காவது படம்

தும், தும் என்று பக்கத்து அறையில் இரண்டு முறை தரை அதிர்ந்தது.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் அம்மா குதிகாலால் தரையை ஒரு தடவை இடித்தால் ‘வா’ என்று அர்த்தம். இரண்டு தடவை இடித்தால் ‘போட்டது போட்டபடி வா’. மூன்று தடவை என்றால் வீடு பற்றி எரிகிறது, அல்லது டி.வி.யில் படம் நின்றுவிட்டது. இரண்டுக்கும் அம்மாவிடம் ஒரே அவசரம்தான்.

அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. காலமாகிவிட்ட அப்பாவும் அப்படித்தான். அந்த இரண்டு பேருக்கும் பிறந்த ஒரே மகளுக்கு மட்டும் பாம்புச் செவி. வாய் திறந்து ‘அம்மா’ என்று சொல்வதற்கு முன்பே, அவள் பிஞ்சு விரல்களால் பாலும் தண்ணீரும் கேட்டுவிட்டாள். கையால் பேசுகிற பெண் என்பதால் தெருவில் ‘கைகாரி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்குக் கெட்டிக்காரி என்றும் ஒரு பொருள் உண்டல்லவா, அதை அவள் ஏழு வயதிலேயே காட்டிவிட்டாள்.

ஒருநாள் வீட்டுக்காரர் வாசலில் நின்று, “செவிட்டுக் கூட்டத்துக்கு வீடு கொடுத்தது என் தப்பு” என்று கத்தினார். அப்பா என்னவென்று கேட்டார். குழந்தை சைகையில், “குழாயைச் சரியா மூடணுமாம்” என்றது. அப்பா வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலம் அவளை மடியில் உட்காரவைத்து, “சொன்னதைச் சொல்லு. கூட்டாதே, குறைக்காதே. திட்டினா அந்தத் திட்டு எனக்குத்தான் வந்து சேரணும், நீ நடுவுல நின்னு வாங்கிக்காதே” என்றார். அதற்குப் பிறகு அவள் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அப்படித்தான் நாற்பத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தாள்.

காலையில் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. வாரத்தில் இரண்டு பிற்பகல் காது கேளாதோர் பள்ளிக்கூடம். வாரா வாரம் வழிபாட்டு நாளில் ஜெப மன்றத்தில் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல் மேல் ஏறி நிற்பாள். அவர் வாயால் சொல்லச் சொல்ல, முன்வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் காது கேளாத நாற்பது பேருக்கு அவள் கையால் சொல்வாள். இருபது வருஷமாக அந்த ஸ்டூல் அவளுக்குத்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனால், மேஜை முழுக்க அவள் முகம்.

பள்ளிக்கூடம் புதிதாக வெளியிடப் போகும் சைகைக் கையேட்டின் அச்சுத் தாள்கள் அன்று காலையில்தான் வந்திருந்தன. மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றிலும் அவள்தான் நின்று ஒரு சைகை காட்டினாள், கீழே அதன் பொருள். அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு கைகளை வீசினாள்.

“பாரு, எல்லாப் பக்கத்துலயும் என் பொண்ணு. ஆனா நூத்திப் பத்தாவதைப் பாரு. ‘சந்தோஷம்’னு போட்டிருக்கு. மூஞ்சியைப் பார்த்தா பல்லு வலி மாதிரி இருக்கு.”

“நாள் பூரா நிக்க வச்சு எடுத்தாங்கம்மா. நூறு தாண்டினதும் எல்லாமே பல்லு வலிதான்.”

“இதுக்குத்தான் ரெண்டு தடவை இடிச்சேன். சிரிக்கலாம்னு.”

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அச்சகத்தில் பக்கம் அமைக்கிறவன். அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம்.

“அக்கா, ஒரு சின்ன சந்தேகம். அறுபத்தொண்ணும் இருநூத்திப் பதினாலும் ஒரே படமா இருக்கு. தூக்கக் கலக்கத்துல நான்தான் ரெண்டு எடத்துல வச்சிட்டேன் போல. எதை எடுத்துடட்டும்?”

அவள் தாள்களைப் புரட்டினாள். அறுபத்தொன்று: ஆள்காட்டி விரல் கன்னத்தின் மேல், மேலும் கீழும் தேய்ப்பதைக் காட்டும் சின்ன அம்புக்குறி. கீழே ‘கறுப்பு’. இருநூற்றுப் பதினான்கு: அதே விரல், அதே கன்னம், அதே அம்புக்குறி. கீழே ‘சபிக்கப்பட்டவன்’.

“தப்பில்லப்பா,” என்றாள் சாதாரணமாக. “ரெண்டும் ஒண்ணுதான்.”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

அவன் மெதுவாகக் கேட்டான். “ரெண்டும் ஒண்ணாக்கா?”

அவள் இரண்டு தாள்களையும் மறுபடியும் பார்த்தாள்.

“இல்லக்கா, நானும் உங்க நிறம்தான். அதான் கேட்டேன். அப்ப நானும் இருநூத்திப் பதினாலா?”

அவன் சண்டைக்குக் கேட்கவில்லை. வேலை தெரிந்த ஒருவன் பக்கம் சரியாக இருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டான். “அச்சுக்குப் போகாதே, நான் சொல்றேன்” என்று போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா இன்னும் அடுத்தடுத்த படங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் இரண்டு நிறத்து மனிதர்கள். வெளுத்தவர்கள் கப்பலில் வந்தவர்கள். கறுத்தவர்கள் முன்பே இருந்தவர்கள். வந்தவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், இருந்தவர்களை அதே நிலத்தில் கூலிக்கு நிறுத்தினார்கள். ஏன் என்று யாராவது கேட்டால் வேதத்தைத் திறந்து காட்டினார்கள். ஒரு தகப்பன் தன்னிலை மறந்து கிடந்தான், ஒரு மகன் பார்த்துச் சிரித்தான், தெளிந்து எழுந்த தகப்பன் ‘உன் பிள்ளைகள் உன் சகோதரர்களின் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்யட்டும்’ என்று சபித்தான் என்று ஒரு கதை. அந்தச் சிரித்த மகன்தான் கறுத்தவர்களின் மூதாதை என்று மேடையில் நின்று அடித்துச் சொன்னார்கள். தனி வாசல், தனிக் குழாய், மன்றத்தில் கடைசி பெஞ்சு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சாபமே ரசீது.

பிறகு காலம் மாறியது. சட்டம் வந்தது. பிரசங்கியார்கள் அந்தப் பேச்சை மென்று விழுங்கிவிட்டார்கள். இப்போதெல்லாம் அந்தக் கதை வந்தால், ‘சபிக்கப்பட்ட மகன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடுவார்கள். நிறத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடுவதில்லை.

ஆனால் பக்கத்தில் ஸ்டூல் மேல் நிற்கிறவளின் விரல், பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தபடியே, நேராகக் கன்னத்துக்குப் போகும். பிரசங்கியார் ‘சபிக்கப்பட்டவன்’ என்பார். நாற்பது பேரும் ‘கறுப்பன்’ என்று பார்ப்பார்கள். கூட்டாதே, குறைக்காதே என்று கட்டளை வாங்கியவள், இருபது வருஷமாக ஒரு முழு நிறத்தையே கூட்டிக்கொண்டிருந்தாள். ஓடுகிற கையில் அது தெரியவில்லை. அம்புக்குறி போட்டு அச்சில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது.

கேட்கிறவர்களின் உலகத்தில் அந்தப் பொய் செத்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. கேட்காதவர்களின் உலகத்துக்கு யாரும் இழவு சொல்லி அனுப்பவே இல்லை.

அவள் அம்மாவின் தோளைத் தொட்டு, இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல என்ன?” என்றாள் அம்மா. “சரியாத்தானே எடுத்திருக்காங்க.”

“சபிக்கப்பட்டவனுக்கு எதுக்கும்மா கறுப்புச் சைகை?”

“அவன் கறுப்புதானே.”

“யார் சொன்னது?”

“வேதம்.” உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல அவ்வளவு இயல்பாக அம்மாவின் கை சொன்னது. “நாமெல்லாம் அவன் பிள்ளைங்க. அதான் இப்படி.”

‘இப்படி’ என்பதற்கு அம்மா காட்டிய சைகையில் அவளுடைய அறுபத்தெட்டு வருஷமும் இருந்தது. சட்டைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் காலர் தைத்தவள் அவள். ஒரு நாளைக்கு நானூறு காலர், ஒன்றில்கூட முனை மடங்காது. மேஸ்திரி வேலையை அவளுக்கே கொடுக்கிறோம் என்று தொழிற்சாலையில் இரண்டு முறை சொன்னார்கள். இரண்டு முறையும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். காது கேட்காதவள், மணி அடித்தால் தெரியாது, அதனால் பயந்திருப்பாள் என்றுதான் மகள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“அம்மா, நீ மேஸ்திரி வேலை வேண்டாம்னது எதனால?”

அம்மா அவளை வினோதமாகப் பார்த்தாள். “சபிக்கப்பட்டவ மத்தவங்களுக்கு மேல உக்காரலாமா? எனக்குப் பின்னாடி வெளுத்த பொண்ணுங்க ஆறு பேர் தைச்சாங்க.”

மகள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாதி நறுக்கிய வெங்காயம் அங்கே இருந்தது நல்லதாகப் போயிற்று. அழுததற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த கணவர் பஸ் ஓட்டுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சீருடையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். “கையெழுத்து போடாம விட்டா என்ன ஆகும்?” என்றார்.

படத்தில் நின்றவள், சைகைகள் எல்லாம் சரி என்று, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் கொண்டுவரும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் புத்தகம் அச்சுக்குப் போகாது. போட்டுவிட்டால், இனி அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போகும் ஒவ்வொரு குழந்தைக்கும் அவளுடைய முகமே அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும்.

“விஷயம் மன்றத்துப் பெரியவங்களுக்குத் தெரிஞ்சா ஸ்டூலை எடுத்துடுவாங்க,” என்றாள் அவள். “மன்றத்துல வேற ஆள் வச்சிடுவாங்க. அம்மாவுக்கு வாரத்துல அந்த ஒரு மணி நேரம்தான் நாலு பேரோட பேச்சு.”

“அப்ப முதல்ல உங்கம்மா சம்மதிக்கணும். அவங்க கோர்ட்டுல ஜெயிச்சிட்டு அப்புறம் மத்த கோர்ட்டுக்குப் போ.”

பஸ் ஓட்டுகிறவருக்கு வழி தெரியாமல் போகுமா. அவள் வேதப் புத்தகத்தை எடுத்து, அந்தக் கதை வரும் பக்கத்தைத் திறந்து அம்மாவின் முன்னால் வைத்தாள்.

“இதுல அவன் கறுப்புன்னு எங்க இருக்குன்னு காட்டு. காட்டிட்டேன்னா நான் கையைக் கட்டிக்கிட்டுக் கையெழுத்து போட்டுடறேன்.”

“கையைக் கட்டிக்கிட்டு எப்படிப் போடுவே?” என்றாள் அம்மா. ஆனாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் அவ்வளவுதான் கொடுத்தது. அதனால் வேதத்தை அவள் படித்ததே இல்லை, பார்த்திருக்கிறாள், மேடையில் அசையும் கைகளில். இப்போது ஒரு மர அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து, காலர் தைத்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போனாள். புரியாத சொல் வந்தால் குதிகால். “இது என்ன?” “திராட்சைத் தோட்டம்.” மறுபடியும் குதிகால். “இது?” “கூடாரம்.” தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவளைப் போல முதுகு வளைந்திருந்தது, ஒரு எழுத்தையும் தப்பவிடவில்லை. முதல் நாள் கதை முடிந்தது. கிடைக்கவில்லை. இரண்டாம் நாள், முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம். அதற்கும் முந்தைய காலத்து மனிதர்கள் யார் யாரைப் பெற்றார்கள் என்ற பட்டியலைக்கூட விடவில்லை.

“உங்கம்மா தேடற தேடலைப் பார்த்தா, கடவுளே பயந்துபோய் ஒரு வார்த்தையை எழுதி வச்சிடுவாரு போல இருக்கு,” என்றார் பஸ்காரர்.

மூன்றாம் நாள் மதியம் அம்மா புத்தகத்தை மூடினாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நேராகப் பின்பக்கம் போனாள். துவைத்துக் காய்ந்து மடித்து வைத்திருந்த துணியை எல்லாம் மறுபடியும் தண்ணீரில் முக்கி, கல்லில் அடித்து அடித்துத் துவைத்தாள். அந்த அடியின் சத்தம் அவளுக்குக் கேட்காது. மகளுக்குக் கேட்டது. ஒவ்வொரு அடியும் கேட்டது.

கை ஈரத்தோடு உள்ளே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“இல்லை,” என்றாள். அவ்வளவுதான்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “அந்தத் தலைமையாசிரியர் எப்ப வர்றாரு?” என்றாள்.

அவர் மறுநாள் நான்கு மணிக்கு வந்தார். கையில் பிஸ்கட் டப்பாவும் படிவமும். வெளுத்த நிறம், மெலிந்த உடம்பு, யார் மனதும் நோகாமல் பேசிப் பேசியே தேய்ந்துபோன குரல். பள்ளிக்கூடத்தை ஆரம்பித்த பெரிய டீச்சரின் பேரன் அவர். கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. மழையில் ஒழுகிய வகுப்பறைக்குத் தன் கையால் ஓடு மாற்றியவர். ஆனால் சைகை அவருக்கு நாலைந்துதான் வரும்.

அவள் டீ கொடுத்தாள். இரண்டு படங்களையும் எடுத்து வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். பேசும்போதே கைகளும் பேசின, எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்காக.

“இதைப் பெருசா எடுத்துக்காதீங்கம்மா,” என்றார் அவர். “பழக்கத்துல வந்த சைகை. யாரும் கெட்ட எண்ணத்துல வைக்கலை. நாம பேசற மொழியிலயும் ஒரே சொல்லுக்கு ரெண்டு பொருள் இருக்கில்லையா? ‘ஆறு’ன்னா நதியும்தான், எண்ணும்தான்.”

“இருக்கு சார். ஆனா அஞ்சுக்கு அப்புறம் ஆறுன்னு எண்ணினா எந்த நதியும் தலையைக் குனிஞ்சுக்கிறதில்லையே.”

அவர் டீயைக் கலக்கினார். சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருந்தது.

“உங்களுக்குச் சங்கடமா இருந்தா ஒண்ணு செய்யலாம். அந்த ஒரு படத்துக்கு மட்டும், புதுசா வந்திருக்காளே மொழிபெயர்க்கிற பொண்ணு, அவளை நிக்க வச்சு எடுத்துடலாம்.”

“அவ நல்ல வெளுப்பு சார்.”

“அதனால என்ன?”

“அவ கன்னத்தைத் தேய்ச்சுக் காட்டினா எந்த நிறம் சபிக்கப்பட்டதா இருக்கும்?”

தலைமையாசிரியரின் கை, அவரை அறியாமலே தன் கன்னத்துக்குப் போய்ப் பாதியில் நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தச் சைகையைத் தன் முகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை போலிருக்கிறது.

“இது மன்றத்துப் பெரியவங்க காதுக்குப் போனா வீணான சங்கடம்,” என்றார் கையை இறக்கிக்கொண்டு. “உங்களை அங்க நிறுத்தியிருக்கறதே அவங்கதான். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அதையும் அவள் ஓர் எழுத்துக் குறையாமல் அம்மாவுக்குக் கையால் சொன்னாள். அம்மா மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள். டீக் கோப்பை குலுங்கியது. பிறகு அம்மாவின் கைகள் எழுந்தன. மகள் அதற்குக் குரல் கொடுத்தாள்.

“எனக்கு அப்ப ஏழு வயசு. உங்க பாட்டிதான் எனக்கு டீச்சர்.”

தலைமையாசிரியர் குழம்பி மகளைப் பார்த்தார்.

“அவங்களைப் பாருங்க சார். பேசறது அவங்க. என் வாய் இரவல்,” என்று சொல்லிவிட்டு அவள் தொடர்ந்தாள்.

“வகுப்புல பதினோரு பேர். கறுப்பு நான் ஒருத்திதான். கடைசி பெஞ்சு. ஒருநாள் இந்தச் சாபக் கதையை நடத்தினாங்க. சபிக்கப்பட்டவன்னு பலகையில எழுதினாங்க. அதுக்குச் சைகை சொல்லித் தரணும். உங்க பாட்டி தன் கன்னத்தைத் தொடலை சார். பெஞ்சு பெஞ்சா தாண்டி என்கிட்ட நடந்து வந்தாங்க. குனிஞ்சு, என் கன்னத்துல விரலை வச்சுத் தேய்ச்சாங்க.”

இந்தக் கதை மகளுக்குத் தெரியாது. அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. முதல் முறையாகக் கேட்கிற கதையை, ‘நான்’ ‘நான்’ என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. இரவல் வாய்க்கு அழ உரிமை இல்லை. அவள் நிறுத்தவில்லை.

“அவங்க கையில சோப்பு வாசனை. எங்க வீட்டுல எட்டுப் பிள்ளைங்க, என்னைத் தொட்டுக் கொஞ்ச யாருக்கும் நேரம் கிடையாது. டீச்சர் என்னைக் கொஞ்சறாங்கன்னு நினைச்சுட்டேன். சந்தோஷமா சிரிச்சேன். மத்த பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. அப்புறம் டீச்சர் பலகையைக் காட்டினாங்க, என்னைக் காட்டினாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடம் வரும். ஒவ்வொரு வருஷமும் அவங்க நடந்து வருவாங்க. ரெண்டாவது வருஷத்துலேருந்து நான் சிரிக்கலை. கன்னத்தை மட்டும் கொஞ்சம் முன்னால நீட்டித் தருவேன். டீச்சருக்குக் குனியறது சிரமம்.”

அம்மா எழுந்தாள். மேஜையைச் சுற்றி வந்தாள். தலைமையாசிரியரின் பக்கத்தில் நின்று, காலர் தைத்துத் தைத்துக் காய்ப்புக் காய்த்த ஆள்காட்டி விரலை அவருடைய வெளுத்த கன்னத்தில் வைத்து, மேலும் கீழும், மெதுவாக, இரண்டு முறை தேய்த்தாள். அதில் கோபம் இல்லை. ஒரு டீச்சரின் பொறுமை இருந்தது.

“இப்படித்தான் சார் பாடம் நடந்தது,” என்றது மகளின் குரல். “நீங்க பேரன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

அவருக்குக் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அவருடைய கண்ணில் நீர் நின்றதா, சாயங்கால வெயில் அடித்ததா என்று சொல்ல முடியாது.

அம்மா தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டு, புத்தகத்தின் மேல் கையை வைத்தாள்.

“மூணு நாள் படிச்சேன். நிறம் எந்த வரியிலயும் இல்லை. அவன் சிரிச்சான்னுதான் இருக்கு. எங்க ஆளுங்க, காது கேக்காதவங்க, ஒருத்தருக்குப் பேர் வைக்கிறது அவர் செஞ்சதை வச்சு. அதனால அவன் பேர் இதுதான்.”

அம்மா வலது உள்ளங்கையால் வாயைப் பொத்தி, தோளை இரண்டு முறை குலுக்கினாள். சிரித்துவிட்டு மறைக்கிறவன். பார்த்தவுடனே யாருக்கும் விளங்கும்.

தலைமையாசிரியர் தயங்கித் தயங்கி அதைச் செய்து பார்த்தார்.

“அது இருமல்,” என்றாள் அம்மா. “தோளைக் குலுக்குங்க. நெஞ்சை இல்லை.”

அவர் மறுபடியும் செய்தார். இந்த முறை சரியாக வந்தது.

“நல்லா இருக்கு,” என்றார் தாழ்ந்த குரலில். “ஆனா பள்ளிக்கூடக் குழு ஒத்துக்கணும். நான் ஒருத்தன் முடிவு பண்ற விஷயம் இல்லை.”

“கேளுங்க சார்,” என்றாள் மகள். இது அவளுடைய சொந்தக் குரல், சொந்த வார்த்தை. “ஆனா புத்தகத்துல முன்னூத்திப் பன்னிரண்டு படம் இருக்கு. எல்லாம் என் மூஞ்சி. என் கையெழுத்து இல்லாம ஒரு பக்கமும் அச்சாகாது. இந்த ஒரு படத்தோட போடமாட்டேன். குழுவுக்கு இது ரெண்டையும் சேர்த்தே சொல்லிடுங்க.”

“வெளியீட்டு விழாவுக்கு மூணு வாரம்கூட இல்லம்மா.”

“ஒரு படம் எடுக்க மூணு நிமிஷம் போதும். இந்தத் தடவை நான் நல்லா சிரிச்சுக் காட்டறேன்.”

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இருநூற்றுப் பதினான்காவது படத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில், ‘நீக்கவும். புதிய படம் எடுக்கவும்’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். குழு கேட்டால் என்ன சொல்வது என்று அவருக்கே தெரியாது. ஆனால் கோடு நேராகத்தான் விழுந்தது.

அதைப் பார்த்த பிறகே அவள் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

“இன்னொண்ணும் இருக்கு சார். வர்ற வழிபாட்டுல அந்த நாற்பது பேருக்கும் நான் சொல்லப்போறேன். அவன் நிறம் வேதத்துல இல்லைன்னு. இத்தனை வருஷம் என் கை கூட்டிச் சொல்லிடுச்சுன்னு.”

“பிரசங்கத்துக்கு நடுவுலயா? அதுக்கு என்னால அனுமதி வாங்கித் தர முடியாதும்மா.”

“நான் அனுமதி கேக்கலை சார். முன்கூட்டித் தகவல் சொல்றேன்.”

“ஸ்டூலை எடுத்துட்டாங்கன்னா?”

“தரையில நின்னு சொல்லுவேன். பின்வரிசைக்குக் கொஞ்சம் மறைக்கும். எட்டிப் பார்த்துக்குவாங்க.”

அம்மா அதைப் பார்த்துவிட்டு, “நான் முன்வரிசையைக் குனிஞ்சு உக்காரச் சொல்றேன்” என்றாள். மகள் அதையும் அவருக்குச் சொன்னாள். வந்ததிலிருந்து முதல் முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த உடனே, சிரிக்கலாமா என்று தெரியாதவர் போல நிறுத்திக்கொண்டார்.

பிஸ்கட் டப்பா பிரிக்கப்படாமல் மேஜை மேல் இருந்தது. அவர் தாள்களை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அம்மாவுக்கு எதிரே வந்து நின்று ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். பாட்டி அறுபது வருஷத்துக்கு முன்னால் செய்ததற்குப் பேரன் என்ன சைகை காட்டுவது? விரல்கள் காற்றில் ஒரு வடிவம் தேடிவிட்டுக் கீழே இறங்கின. கடைசியில் அவருக்குத் தெரிந்ததை, ‘போய் வருகிறேன்’ என்பதைக் காட்டினார்.

“படி வழுக்கும், கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க,” என்றாள் அம்மா.

மகள் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு வெளியே போனார். உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சொன்னபடியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். தெருவுக்குப் போய்ச் சேரும் வரை அம்மா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.